உலகத்திலேயே மலிவான ஊர்

சென்ற மாதம் மில்லிலிருந்து கீர்த்தனா போன் செய்தது. நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்த பெண். வெளிநாட்டிலிருந்து இயந்திரம் மாட்ட வரும் இன்ஜினியர்களுக்கு இந்த ஊரில் குடியிருக்க என்ன செலவாகும் என்று ஆள் போய்க் கடை கடையாக விசாரித்து எழுதும் வேலையை இந்த வருடத்தோடு நிறுத்திவிட்டார்களாம். இனிமேல் இணையத்தில் கிடக்கும் விலையைக் கம்ப்யூட்டரே பொறுக்கிக்கொள்ளுமாம். "சார், நீங்க இத்தன வருசம் இதப் பாத்தீங்கல்ல. எப்படிப் பண்ணீங்கன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன், மில் மலர்ல போடலாம்" என்றது.

நான் எப்படிச் செய்தேன் என்பதை எழுதினால் மில் மலரில் போட முடியாது. இருந்தாலும் எழுதுகிறேன். அதற்கு முன்னால் இணையத்தில் திண்டுக்கல்லைத் தட்டிப் பார்த்தேன். தக்காளி விலை இருக்கிறது, ஜீன்ஸ் விலை இருக்கிறது. யார் சொன்ன விலை என்று பார்த்தால் மூன்றே மூன்று பேர் சொன்னதாம். அந்த மூன்று பேருக்கும் பேரம் பேசத் தெரியாது என்பது தக்காளியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

என் பெயர் சவரிமுத்து. வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பு மில்லில் முப்பத்து நான்கு வருடம் இருந்தேன். டைம் ஆபீசில் வருகைப் பதிவு, பிறகு பஞ்சு குடோன், பிறகு கேன்டீன், பிறகு மில் பஸ் எந்த ஊரில் எத்தனை மணிக்கு நிற்கும் என்று அட்டவணை போடுவது. முதல் இருபது வருடம் இதற்கு மேல் ஒன்றுமில்லை. அப்புறம் என்னை நிர்வாக அலுவலர் ஆக்கினார்கள். யாருக்கும் சேராத வேலை எல்லாம் அந்தப் பதவிக்குச் சேரும்.

எங்கள் பொது மேலாளரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஜி.எம். என்றுதான் சொல்வோம். திட்டவே மாட்டார். மேஜையில் எப்போதும் ஒரு கைப்பிடி பஞ்சு இருக்கும். நாம் பேச ஆரம்பித்ததும் அதில் ஒரு சிறு கொத்தை எடுத்து இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக இழுப்பார். பஞ்சு வாங்குகிறவர்கள் இழையின் நீளம் பார்க்கச் செய்வது அது. இழுத்ததை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி மறுபடி இழுப்பார். நாம் சொல்லி முடித்ததும் தலையைத் தூக்காமல் "அப்புறம்?" என்பார். அப்புறம் ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறப்போம். ஆனால் அந்தப் பஞ்சு இன்னொரு முறை நீளும்போது, சொல்ல வேண்டாம் என்று நினைத்ததெல்லாம் தானாக வந்துவிடும். கேன்டீன் சாம்பாரில் பருப்பு குறைந்ததைப் பற்றி ஒருமுறை கூப்பிட்டு விசாரித்தார். அவர் மூன்று முறை "அப்புறம்?" கேட்டதில், எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் நான் காப்பியடித்ததைக்கூடச் சொல்லிவிட்டு வந்தேன்.

பத்து வருடம் இருக்கும். மில்லுக்கு ஐரோப்பாவிலிருந்து புது இயந்திரங்கள் வந்தன. அவற்றை மாட்டி ஓட்டிக்காட்ட ஒரு போலந்துக்காரர் வந்தார். பெயர் தோமாஷ். எங்கள் ஊர் வாயில் தாமஸ். ஆறடி உயரம், உருளைக்கிழங்கு இருந்தால் போதும், வேறு வெஞ்சனம் கேட்க மாட்டார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன்; அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே தரம் என்பதால் எங்களுக்குள் எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

அவருக்கு இரண்டு வருட வேலை. சம்பளம் இயந்திரக் கம்பெனி கொடுக்கும். வீட்டு வாடகைக்கும் குடும்பச் செலவுக்கும் தனியாக ஒரு படி உண்டு. அந்தப் படி எவ்வளவு என்பதை ஊருக்கு ஊர் விலைவாசி பார்த்து வருடத்துக்கொரு முறை முடிவு செய்வார்கள். வீடு பார்த்துக் கொடுப்பதும் விலைவாசி எழுதி அனுப்புவதும் எங்கள் மில் பொறுப்பு, அதாவது என் பொறுப்பு.

தோமாஷ் எந்த ஊரையும் ஒரே அளவுகோலால் அளப்பார். காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் அடுப்புக்கு எத்தனை எட்டு? சிங்கப்பூரில் மூன்று எட்டு, ஹனோயில் இருபது. துபாயில் முதல் வருடம் பதினைந்து, அடுத்த வருடம் ஒன்பது, மூன்றாம் வருடம் ஐந்து. "நான் வளரவில்லை சவரி, வாடகை வளர்ந்தது" என்பார். வாடகை ஏற ஏற, சின்ன வீடாகப் பார்த்து மாறிக்கொண்டே இருந்திருக்கிறார். கம்பெனி படியை உயர்த்துவதற்குள் அந்த ஊர் வேலை முடிந்துவிடுமாம்.

இங்கே நான் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பேரம் பேசுவதில் திண்டுக்கல் வட்டாரத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. பேகம்பூர் கடைகளில் நான் நுழைந்தால் முதலாளி கல்லாவில் வேறு யாரையாவது உட்கார வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விடுவார். ஆனால் அடுத்தவன் காசு என்றால் எனக்குப் பேரம் வராது. நாக்கு எழும்பாது.

நான் திண்டுக்கல்லை ஒட்டிய அகரத்தில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர் பொன்னுச்சாமி. பூ விவசாயம், கொஞ்சம் தென்னை. கீழ்வீட்டில் நாங்கள். அப்போதுதான் அதே அளவில் மாடி கட்டி முடித்திருந்தார். எனக்கு வாடகை நாலாயிரத்து ஐந்நூறு. "சாயங்காலத்துக்குள்ள தாமஸுக்கு ஒரு வீடு முடிங்க" என்று ஜி.எம். சொல்லிவிட்டதால் பொன்னுச்சாமியிடமே போனேன். ஏ.சி., வெஸ்டர்ன் டாய்லெட், இன்வெர்ட்டர் எல்லாம் போட்டுத் தருவதாகவும் பதினைந்தாயிரம் வேண்டும் என்றும் சொன்னார். பத்துக்கு இறங்குவோம் என்று நினைத்துத்தான் அவர் பதினைந்து என்றிருக்கிறார். நான் சரி என்றேன். பாவம், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒரே வாரம். வாசலில் வந்து நின்றார்.

"சார், ஒரு விசயம். மாடிக்குப் பதினஞ்சுன்னா கீழுக்கு ஒரு ஒம்போதாச்சும் வேணுமில்ல?"

"அது வெளிநாட்டுக் கம்பெனி குடுக்குது, பொன்னுச்சாமி."

"வீடு நம்ம நாட்டுலதான சார் இருக்கு?"

இதற்கான பதில் என் மனைவி பிலோமினாவிடம் இருந்தது. தெருமுனை வரை கேட்கிற மாதிரி சொன்னாள். நாங்கள் பழைய வாடகையையே கொடுத்து வந்தோம். அவர் ஒவ்வொரு மாதமும் அதை வாங்கிக்கொண்டு, "ஒம்போது சார்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

தெருவும் சும்மா இருக்கவில்லை. பின்னாலேயே இன்னும் வெள்ளைக்காரர்கள் வரப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஆறு மாதத்தில் எங்கள் தெருவில் ஏழு வெஸ்டர்ன் டாய்லெட் முளைத்தது. வீடு பார்க்க யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுவார்கள். ஒருவர் மாட்டுக் கொட்டகையை இடித்துவிட்டு இரண்டு அறை கட்டி, இருபதாயிரம் வாடகை என்று போர்டு மாட்டினார். வந்தது அவருடைய மச்சான் குடும்பம், வாடகையில்லாமல். ஊரிலேயே வாடகைக்கு இருந்தவர்கள் நாங்களும் தோமாஷும்தான். மற்றது எல்லாம் போர்டு.

அடுத்த ஜூனில் தோமாஷின் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். மனைவி ஹான்னா கூச்ச சுபாவம். மகள் ஈவாவுக்கு ஏழு வயது, கூச்சம் என்ற சொல்லே தெரியாது. கான்வென்டில் சேர்த்தோம். பள்ளி விட்டு வந்ததும் பையை எங்கள் வீட்டில் எறிந்துவிட்டுப் பிலோமினாவோடு உட்கார்ந்துகொள்ளும். எங்கள் மகன் ஓசூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து பிலோமினாவுக்குப் பேச்சுத்துணை நான்தான். அது துணையில்லை என்பது அவள் கருத்து. ஆறே மாதத்தில் அந்தப் பிள்ளை தமிழ் பேசியது. பிலோமினாவின் தமிழ். தயிர்சாதம் தின்றுகொண்டே, "இம்புட்டுப் போதும் அத்த, எம்புட்டு வைக்கிறீக" என்று அது சொன்னபோது ஹான்னா மாடியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது.

படிவம் வந்தது அந்தச் சமயத்தில்தான். பதினாறு பக்கம். பாரிசுக்கும் அகரத்துக்கும் ஒரே படிவம். ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கடை விலை எழுத வேண்டும். "வெளிநாட்டிலிருந்து வந்து தங்கியிருப்பவர் வழக்கமாகக் கொடுக்கும் விலை" என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்திருந்தார்கள். நான் முதல் பக்கத்தைப் படிக்கவில்லை. படிவத்தில் முதல் பக்கத்தைப் படிக்கிற குணம் இருந்திருந்தால் நான் அரசாங்க வேலைக்குப் போயிருப்பேன்.

ஒரு வாரம் லீவு போடாமல் அலைந்தேன். உருளைக்கிழங்கு: மூன்று கடையிலும் பேரம் பேசி, கொசுறாக வாங்கிய கறிவேப்பிலை கொத்தமல்லியின் விலையையும் கழித்து எழுதினேன். ரோஜா ஒரு டஜன்: எங்கள் பூ மார்க்கெட்டில் யார் எண்ணி விற்கிறார்கள்? விலை தரையில் கிடந்த ஒரு நாளில் ஒரு கிலோ வாங்கி, எதற்கென்று சொல்லாமல் பிலோமினாவையும் உட்கார வைத்து எண்ணிப் பார்த்து வகுத்தேன். ஒரு டஜன் எண்பது காசு. ஆண்களுக்கு முடிவெட்டு: எனக்குத் தலையில் பாதிதான் இருக்கிறது என்பதால் சலூனில் பாதிக் கூலிதான் கொடுப்பேன். அதையே எழுதினேன். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு டாக்ஸி: விமான நிலையம் மதுரையில் இருக்கிறது, டாக்ஸி எதற்கு? மூன்று பஸ் மாறி வந்து, மூன்று டிக்கெட்டையும் ஒட்டி அனுப்பினேன். ஆங்கிலத் தினசரி: டீக்கடையில் கிடக்கிறது, பூஜ்யம். கோல்ஃப் கிளப் சந்தா என்று ஒரு வரி இருந்தது. பேகம்பூர் கேரம் கிளப்பில் கேட்டு எழுதினேன்.

கடைசிப் பக்கம் வீட்டு வாடகை. "இரண்டு படுக்கையறை வீடு, வெளிநாட்டினர் வசிக்கும் பகுதி." அன்று காலையில்தான் பொன்னுச்சாமி "ஒம்போது சார்" சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தக் கோபத்தில் நாலாயிரத்து ஐந்நூறு என்று பேனா அழுந்த எழுதி, அடியில் கோடும் போட்டேன். உலகத்துக்கே தெரியட்டும் என்று நினைத்தேன். தெரிந்துவிட்டது.

ஒன்றரை மாதம் கழித்துக் கடிதம் வந்தது. முதல் பாராவில், தங்கள் இன்ஜினியர்கள் இருக்கும் ஊர்களிலேயே அகரம்தான் மிக மலிவான ஊர் என்று போட்டிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆபீஸ் முழுக்க அல்வா வாங்கிக் கொடுத்தேன், அதையும் பேரம் பேசி. அல்வா தீர்ந்த பிறகுதான் இரண்டாவது பாராவைப் படித்தேன். இவ்வளவு மலிவான ஊருக்குக் குடும்பப் படி தேவையில்லை என்பதால் அது நிறுத்தப்படுகிறது. மேலும் ஊர் வாடகை நாலாயிரத்து ஐந்நூறு என்றிருக்க, ஒப்பந்தத்தில் பதினைந்தாயிரம் என்றிருப்பது ஏன் என்று விளக்கம் வேண்டும். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் மாதக் கடைசிக்குள் குடும்பத்தை ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்யவும்.

அன்று சாயங்காலம் தோமாஷ் அதே கடிதத்தோடு கீழே வந்தார். கோபப்படவில்லை, பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். எங்கள் அடுப்படியில் ஈவா பிலோமினாவுக்குப் பூண்டு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சவரி, நான் எட்டு நாட்டில் வேலை பார்த்திருக்கிறேன். இவள் பிறந்த பிறகு போன நாட்டிலெல்லாம் எனக்குப் போனில்தான் இருந்தாள். இங்கேதான் பக்கத்தில் இருக்கிறாள்." பிறகு மாடிக்குப் போய்விட்டார்.

பிலோமினா என்னிடம் விஷயத்தைக் கேட்டாள். சொன்னேன். "எந்தப் பாவி எழுதுனான் அந்த விலையெல்லாம்?" என்றாள். நான் சட்டையைக் கழற்றி மிகவும் மெதுவாக ஆணியில் மாட்டினேன். வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. ஒரு பிள்ளையை அப்பனிடமிருந்து பிரிக்க எனக்கு ஒரு பேனா போதுமானதாக இருந்திருக்கிறது.

மறுநாள் ஜி.எம். அறை. பஞ்சை எடுத்தார்.

"சொல்லுங்க சவரி."

"படிவத்துல சின்னப் பிசகு சார்."

"அப்புறம்?"

"விலையெல்லாம் நான் வாங்குற விலைய எழுதிட்டேன் சார்."

"அப்புறம்?"

"ரோஜாப்பூவ எண்ணுனோம் சார். நானும் வீட்டுக்காரம்மாவும்."

"அப்புறம்?"

"வாடகைய வீம்புக்கு எழுதிட்டேன் சார். மாடிக்குப் பதினஞ்சு கேட்டப்ப பேரம் பேசல சார். அல்வாவுக்கு மட்டும் பேசுனேன் சார்."

பஞ்சைக் கீழே வைத்தார். முப்பத்து நான்கு வருடத்தில் அவர் பஞ்சைப் பாதியில் கீழே வைத்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். "அவங்களே ஆள் அனுப்பி மறுபடி விலை எடுக்கட்டும்னு எழுதுறேன். நீங்க கூடப் போங்க. ஆனா வாயத் தெறக்காதீங்க" என்றார்.

சென்னையிலிருந்து வசந்தா மேடம் என்பவர் வருவதாகத் தகவல் வந்தது. இயந்திரக் கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய் விலை எடுப்பவர். அவர் வருவதற்கு முதல் நாளே நான் வாயைத் திறந்துவிட்டேன். பேகம்பூரில் காதர் பாய் மளிகைக்குப் போய், "நாளைக்குத் தாமஸோட ஒரு மேடம் வருவாங்க. கொஞ்சம் வெலையக் கூட்டிச் சொல்லு காதர்" என்றேன். செய்தது தப்புத்தான்.

காதர் பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னண்ணே இது? இருவது வருசமா வெலையக் கொறைன்னு உசுர வாங்குனீங்க. இப்பக் கூட்டுங்கிறீங்க. ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அந்தம்மா தாமஸோட கம்பெனி ஆளு. விலை விசாரிக்க வர்றாங்க."

"ஓ! வெளியூர் ஆளக் கடைக்காரன் ஏமாத்துறானான்னு பாக்க வர்றாங்களா? விடுங்கண்ணே, நம்ம ஊரு பேரு கெடாம நான் பாத்துக்கிறேன்."

நான் எவ்வளவோ விளக்கினேன். நான் விளக்க விளக்க அவருக்கு ஊர்ப்பற்று ஏறிக்கொண்டே போனது. நான் தெருவைத் தாண்டுவதற்குள் சலூன், காய்கறிக்கடை, கறிக்கடை எல்லாவற்றுக்கும் சொல்லி அனுப்பிவிட்டார்.

வசந்தா மேடம் கறாரான மனுஷி. கையில் டேப்லெட், பையில் அளவு நாடா. முதலில் விலைப் பலகையைப் படம் எடுப்பார். பிறகு தோமாஷை முன்னே அனுப்பி விலை கேட்கச் சொல்வார். பிறகு அவரே போய் மறுபடி கேட்பார். இரண்டும் ஒத்துவந்தால்தான் எழுதுவார். நான் பத்தடி பின்னால், வாயை மூடிக்கொண்டு.

காதர் பாய் உருளைக்கிழங்குக்குச் சொன்ன அளவு குறைந்த விலைக்கு என் வாழ்நாளில் நான் பேசி முடித்ததில்லை. மேடம் இரண்டாம் முறை கேட்டபோது அதிலும் ஒரு ரூபாய் குறைத்தார். கூடவே பேரீச்சம்பழம் ஒரு பொட்டலம், "தாமஸ் தம்பி வீட்டுப் பாப்பாவுக்கு" என்று. காய்கறிக்கடைக்காரர் காசே வேண்டாம் என்றார். "பூஜ்யம் போட முடியாதுங்க, கம்ப்யூட்டர் ஏத்துக்காது, ஏதாவது ஒரு விலை சொல்லுங்க" என்று மேடம் கெஞ்ச, அவர் ரொம்ப யோசித்து, "அப்பன்னா ஒரு ரூவா போட்டுக்கங்க" என்றார். சலூனில் தோமாஷுக்கு இலவசமாக முடிவெட்டி, தலையைப் பிடித்துவிட்டு, அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மீசையையும் ஒதுக்கிவிட்டார்கள். இத்தனை வருடம் என்னிடம் பத்துக் காசு குறைக்க அழுத ஊர் இது. எனக்கு வயிறு எரிந்தது.

மத்தியானம் மேடம் டேப்லெட்டைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சார், உங்க படிவம் சரியாத்தான் இருக்கு. சொல்லப்போனா நீங்க கொஞ்சம் கூட எழுதியிருக்கீங்க." என் வேலை சரி என்று ஒரு மேலதிகாரி சொல்லி எனக்கு அழுகை வந்தது அன்றைக்குத்தான்.

"இனிமே வாடகைதான் பாக்கி" என்றார். "வாடகைக்குத்தான் இதுல கனம் அதிகம். அது சரின்னு வந்துட்டா மத்ததெல்லாம் எவ்வளவு இறங்குனாலும் படி தொடரும், குடும்பம் இருக்கலாம். அது விழுந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அகரம் வந்தோம். தெருவில் ஏழு போர்டு தொங்கியது. இருபதாயிரம், பதினெட்டாயிரம் என்று. எனக்கு உயிர் வந்தது. மேடம் ஒன்றையும் எழுதவில்லை. "போர்டு விலை சேராது சார், பழைய படிவத்துல எழுதுனதும் சேராது. ஒருத்தர் குடியிருந்து இன்னைக்குக் கொடுக்கிற வாடகைதான் சேரும். இதே அளவுல, இதே தெருவுல, வாடகைக்கு யார் இருக்காங்க?"

யார் இருக்கிறார்கள்? நான்தான்.

பொன்னுச்சாமி தோளில் துண்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். மேடம் மாடியை அளந்தார், கீழ்வீட்டை அளந்தார். இரண்டும் ஒன்றே. ஏ.சி., இன்வெர்ட்டர், சாமான்களுக்கு என்ன கூடும் என்று தனியாகக் கணக்குப் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: "கீழ்வீடு ஒரு எட்டு, ஒம்போது போகுதுன்னா மாடிக்குப் பதினஞ்சு நியாயம்தான். ரொம்பக் கம்மின்னா அது பொய் ஒப்பந்தம். நீங்க எவ்வளவு சார் கொடுக்கிறீங்க?"

நான் பொன்னுச்சாமியைப் பார்த்தேன். பொன்னுச்சாமி என்னைப் பார்த்தார். ஒரு வருடமாக மாதாமாதம் நடக்கும் சண்டை அது. ஒரு ரூபாய்கூட நான் ஏற்றவில்லை. தோமாஷ் படிக்கட்டில் நின்று, எங்களுக்குள் என்ன பேச்சு என்று புரியாமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மாத வாடகை நாலாயிரத்து ஐந்நூறு சட்டைப் பையில் தயாராக இருந்தது. உள்ளே போனேன். பைபிளுக்குள் வைத்திருந்த பணத்திலிருந்து இன்னொரு நாலாயிரத்து ஐந்நூறை எடுத்து வந்து, இரண்டையும் சேர்த்துப் பொன்னுச்சாமி கையில் கொடுத்தேன்.

"இந்தாங்க, இந்த மாச வாடகை ஒம்போதாயிரம். இனிமே மாசாமாசம் இதுதான். ரசீது குடுங்க."

பேரம் பேசாமல் நான் ஒத்துக்கொண்டது அவருக்குச் சந்தேகமாகவே இருந்திருக்க வேண்டும். நோட்டுகளை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் ரசீது எழுதினார். மேடம் அதைப் படம் எடுத்துக்கொண்டார். நான் பொய் சொல்லவில்லை. சொன்ன நிமிடத்திலிருந்து அது உண்மையாகிவிட்டது, நான் அந்த வீட்டைக் காலி செய்யும் வரைக்கும்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. மாடி வாடகை நியாயமானது, குடும்பப் படி தொடரும். தோமாஷ் என்னைத் தூக்கிக் கீழே வைத்தார். நிஜமாகவே தூக்கினார். அப்புறம் ஒரு நாள், என் வாடகை எவ்வளவு என்று பொன்னுச்சாமி மூலம் தெரிந்துகொண்டு வந்து, ஏ.சி. இல்லாத வீட்டுக்கு இது அதிகம், விலை பேச நான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அரைமணி நேரம் புத்தி சொன்னார். கேட்டுக்கொண்டேன்.

பிலோமினாவிடம் மட்டும் நான் சொல்லவில்லை. மேடம் வந்த அன்று அவள் ஹான்னாவோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். கூடுதல் வாடகையை டீ, வாரப் பத்திரிகை, மினி பஸ் எல்லாவற்றையும் விட்டு, நடந்தே சமாளித்தேன். இரண்டாவது மாதம் பொன்னுச்சாமியே, "ஒம்போதுக்கு ரொம்ப நன்றிம்மா" என்று அவளிடம் வாய்விட்டுவிட்டார்.

அன்று நான் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நடு வீட்டில் நின்றாள்.

"ஒம்போது குடுக்குறீகளா?"

"ஆமா."

"எதுக்கு?"

சொன்னேன். ஜி.எம்.மிடம் சொன்னதைவிட விவரமாக. மாடியில் ஈவா எதையோ உருட்டிக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது. பிலோமினா அண்ணாந்து பார்த்தாள்.

"அப்ப அந்தப் பாவி நீங்கதானா?"

"நான்தான்."

"இனி போகச் சொல்ல மாட்டாகல்ல அந்தப் புள்ளைய?"

"மாட்டாங்க."

முந்தானையை இழுத்துச் செருகினாள். எனக்குத்தான் என்று நினைத்து ஒதுங்கினேன். அவள் என்னைத் தாண்டி வாசலுக்குப் போனாள். பொன்னுச்சாமி அங்கே தென்னை ஓலையை வெட்டிக்கொண்டிருந்தார். ஒன்பதாயிரம் வாங்கும் வீட்டில் கொல்லைப்பக்கம் குழாய் ஏன் ஒழுகுகிறது, சுவரில் சுண்ணாம்பு ஏன் உதிர்கிறது, மழை பெய்தால் வாசலில் ஏன் முழங்கால் தண்ணீர் என்று ஆரம்பித்தாள். தெருவில் ஏழு போர்டுக்கும் சொந்தக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். பொன்னுச்சாமி என்னைப் பார்த்தார். நான் தோமாஷைப் பார்த்தேன். தோமாஷ் உள்ளே போய்விட்டார்.

சத்தம் கேட்டு ஈவா படியிறங்கி வந்து பிலோமினாவுக்குப் பக்கத்தில் நின்றது. முழு விஷயம் அதற்குத் தெரியாது, காதில் விழுந்ததே போதுமாக இருந்தது. பிலோமினாவைப் போலவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பொன்னுச்சாமியை அண்ணாந்து பார்த்து, முழுத் தொண்டையில் கத்தியது:

"ஏய்யா, ஒம்போதாயிரம் எண்ணி வாங்குறீகல்ல? கொழாயப் போட என்ன கேடு?"

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் பிளம்பர் வந்துவிட்டார்.